மல்லாட்டையும் மணிலாவும் எக்செல்லுக்கு வேறு வேறு

விழுப்புரம், திண்டிவனம் மார்க்கெட் கமிட்டிகளுக்கு வரும் நெல், உளுந்து, எள், மணிலா (வேர்க்கடலை) எல்லாவற்றையும் ஒரே எக்செல் தாளில் ஏற்றிவிட்டால், பயிர்வாரியாக எத்தனை மூட்டை என்பதற்கு நொடியில் விடை வரும். இனி சூத்திரம்கூட வேண்டாம், ஏஐ-யிடம் வாயால் கேட்டாலே போதும் என்கின்றன விளம்பரங்கள். கூட்டுவதில் கணினி என்றைக்குமே திணறியதில்லை. எது எந்த வகை என்பதில்தான் சிக்கல். அதைப் பற்றி விளம்பரங்களில் பேச்சே இல்லை.

எக்செல்லின் 'சம்இஃப்' சூத்திரம் செய்வது எளிய வேலை. வரிவரியாகப் பெயரைப் பார்த்து, ஒத்துப்போகும் வரிகளின் எண்ணை மட்டும் கூட்டுகிறது. 'உளுந்து' என்ற சீட்டோடு ஒருவர் கமிட்டிக் களம் முழுக்க நடந்து, அந்தப் பெயருள்ள மூட்டைகளை மட்டும் எண்ணுவதுபோல. எள்ளுக்கு மறுபடி முதலிலிருந்து நடக்க வேண்டும். 10,000 வரிகளை 50 ஊர்களுக்குப் பிரித்தால் 5 லட்சம் ஒப்பீடுகள். எக்செல்லின் இன்னொரு வசதியான பிவட் டேபிளின் ஆள் சீட்டே இல்லாமல் ஒரே நடையில் முடிக்கிறார். மூட்டையில் உள்ள பெயரைப் படித்து அதற்குரிய குவியலில் போடுகிறார். புதுப் பெயர் வந்தால் புதுக் குவியல். எனக்கு வியப்பளிப்பது இந்த இடம்தான். 'உளுந்து' என்பதன் பின்னால் யாரோ ஓர் இடைவெளி தட்டியிருந்தால், சீட்டுக்காரர் அந்த மூட்டையைச் சத்தமின்றிக் கடந்துபோவார். குவியல்காரரோ பக்கத்திலேயே இன்னொரு 'உளுந்து' குவியல் எழுப்புவார். பிழை கண்ணில் பட்டுவிடும். ஆனால் இருவரும் மூட்டையைப் பிரித்துப் பார்ப்பதில்லை. பெயர் உளுந்து என்றால் உள்ளே எள் இருந்தாலும் உளுந்துதான்.

பெயர்களை முன்கூட்டியே பட்டியலிட்டு அதிலிருந்து மட்டும் தேர்ந்தெடுக்கச் செய்தால் தீராதா என்று கேட்கலாம். எழுத்துப் பிழைகள் தீரும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு விழுப்புரத்தை ஆங்கிலத்தில் ஒற்றை எல், இரட்டை பி போட்டு எழுதியது. பரவலான வழக்கு இரட்டை எல், ஒற்றை பி. பட்டியல் இதைச் சரிசெய்துவிடும். மல்லாட்டை, மணிலா, வேர்க்கடலை மூன்றும் ஒன்று என ஏஐ-யும் கண்டுகொள்ளும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தோலோடு வந்த காயையும் உடைத்த பருப்பையும் ஒன்றாகக் கூட்டலாமா? எடைக் கணக்கில் கூட்டினால் தவறு. எத்தனை விவசாயிகள் மணிலா கொண்டுவந்தார்கள் என்பதற்குக் கூட்டியாக வேண்டும். கேள்வி எதற்காக என்று தெரிந்தவர்தான் இதை முடிவுசெய்ய முடியும். மாவட்டக் கணக்கிலும் இதே கதைதான். 2011இல் விழுப்புரம் மாவட்ட மக்கள்தொகை 34,58,873. அதிலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26இல் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. விழுப்புரம் என்ற பெயர் எழுத்துப் பிசகாமல் அதேதான். அது குறிக்கும் நிலப்பரப்பு வேறு. இரண்டு காலத்து எண்களையும் அருகருகே வைத்து 'சரிவு' என்று வரைபடம் போட்டால், எந்த மென்பொருளும் தடுக்காது.

கணக்கு வைத்திருப்பவர்கள் ஒன்று செய்யுங்கள். வகைவாரித் தொகைகளை எல்லாம் கூட்டி, மூலப் பத்தியின் மொத்தத்திலிருந்து கழித்துக் காட்ட ஒரு கட்டம் ஒதுக்குங்கள். அதில் 0 வராவிட்டால் ஏதோ விடுபட்டிருக்கிறது, அல்லது இருமுறை சேர்ந்திருக்கிறது. எண் கட்டத்தில் '12 மூட்டை' என்று எழுத்தோடு ஏற்றியிருந்தால் இரண்டு தொகையிலுமே அது சேராது, கழித்தாலும் அகப்படாது. ஆகவே அந்தப் பத்தியில் எண் மட்டும் இருக்கட்டும்.