அன்றாட உடையின் அழகு

நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் அண்மித்துவிட்டால், கல்முனைக் கடைத்தெருவில் ஒரு குடும்பம் நான்கு துணிக்கடைகள் ஏறி இறங்குவது வழக்கம். நிறம் பார்ப்பர், கரை பார்ப்பர், தையல் பார்ப்பர். ஆனால் ஆண்டின் ஏனைய நாள்களில், காலை முதல் இரவு வரை உடம்பின் மீது இருக்கும் உடைக்கு அக்கவனத்தில் பத்தில் ஒரு பங்கும் கிடைப்பதில்லை. விலை மலிந்தது எதுவோ, பழையதாகிப்போனது எதுவோ, அதுவே வீட்டுடையாகிவிடுகின்றது. வசதியான உடை அழகாயிராது, அழகான உடை வசதியாயிராது என்ற எண்ணமே இதற்குக் காரணம். அவ்வெண்ணம் எவ்வளவு தூரம் சரியானது?

பெரியநீலாவணையிலிருந்து அக்கரைப்பற்று வரை நீண்டு செல்லும் கரையோரத்தில், உடைக்கு முதற் கட்டளை இடுவது காலநிலையே. வாடைக்காற்று வீசும் மழை மாதங்கள் கழிந்தால், பின்னர் கச்சான் காற்றும் கடும் வெயிலுமாகும். கடலருகே காற்றில் ஈரம் மிகுதியாதலால் வியர்வை எளிதில் உலர்வதில்லை. உடம்பைக் குளிர்விப்பது வியர்வை அன்று. அவ்வியர்வை ஆவியாகிப் பறப்பதே குளிர்ச்சி தருவது. ஆகவே நல்ல உடை என்பது ஈரத்தை ஏற்றுக்கொண்டு, காற்றுக்கும் வழிவிடும் உடையாகும்.

காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக உள்ளபோது, பருத்தி தன் உலர்ந்த எடையில் ஏறத்தாழ 8.5 சதவீத ஈரத்தை உள்வாங்கும். பொலியெஸ்டர் வாங்குவதோ 0.4 சதவீதம் மட்டுமே. பளபளக்கும் மலிவுத் துணி நண்பகலில் முதுகோடு ஒட்டிக்கொள்வதன் காரணம் இதுவே. எனினும் பருத்திக்கும் ஒரு குறை உண்டு. நன்றாக நனைந்துவிட்டால் அது மெல்லவே உலரும். வேலை முடிந்ததும் மாற்றிக்கொள்ள மற்றொன்று இருத்தல் நலம்.

அடுத்தது தளர்ச்சி. இன்று இவ்வூர்களில் பெண்கள் பலர் வெளியே செல்லும்போது கரிய அபாயா அணிகின்றனர். கருமை வெயிலை இழுக்குமே என்பர் சிலர். பாலைவன நாடோடிகளான பதவியர் கரிய அங்கி அணிவது ஏன் என்று ஆராய்ந்த அறிஞர்கள், 1980ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். கரிய அங்கி வெயிலை மிகுதியாக உறிஞ்சியது உண்மையே. ஆயினும் அங்கி தளர்வாயிருந்தமையால், உள்ளே ஓடிய காற்று அவ்வெப்பத்தைத் தோலை அடையுமுன் கொண்டுபோய்விட்டது. வெள்ளை அங்கி அணிந்தவருக்கும் கரிய அங்கி அணிந்தவருக்கும் உடம்பு பெற்ற வெப்பம் ஒன்றாகவே இருந்தது. அது வறண்ட பாலைவனம். இது ஈரக் கடற்கரை. ஆயினும் நிறத்தைப் போலவே தளர்ச்சியும் கருதத்தக்கது என்ற பாடம் இங்கும் பயன்படும்.

தளர்ச்சி என்றால் சாக்குப்பை போலத் தொங்குவதன்று. தோளில் தையல் சரியாக அமர்ந்து, அதன் கீழே துணி தாராளமாக இறங்கினால், அவ்வுடை வசதியும் தரும், தோற்றமும் தரும். தோள் வழுவினால் எத்துணை விலையுயர்ந்த துணியும் இரவல் உடை போலத் தோன்றும். நெடுக்குக் கோடுகள் உடலை மெலிவாகக் காட்டும் என்பது பொது நம்பிக்கை. ஆனால் கிடைக்கோடுகளால் நிரம்பிய சதுரமே உயரமாகவும் ஒடுங்கியும் தோன்றும் என்று ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே எடுத்துக்காட்டினார். ஆதலின் கோடுகளைப் பற்றிய கவலையை விடுத்து, அளவைப் பற்றிக் கவலைப்படுதல் அறிவுடைமை.

இத்தகைய துணியைத் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. கல்முனைக்கு வடக்கே அமைந்த மருதமுனை, கைத்தறிச் சாரனுக்கும் சேலைக்கும் பெயர் பெற்ற ஊர். கட்டமிட்ட சாரனின் வரலாறு கடல் கடந்தது. மலாய் மக்கள் அதனை இன்றும் 'பெலிக்காட்' என்கின்றனர். தமிழகத்துப் பழவேற்காட்டின் பெயரே அவ்வாறு திரிந்தது. அந்த மரபில் வந்த தறித்தொழில் மருதமுனையில் பல குடும்பங்களுக்குச் சோறிட்டது. 1977ஆம் ஆண்டின் பின் இறக்குமதி தாராளமானபோது, வெளிநாட்டு மலிவுத் துணி அதனை நெருக்கிற்று. 2004 டிசம்பர் 26ஆம் திகதி எழுந்த ஆழிப்பேரலை உயிர்களோடு தறிகளையும் வாரிச் சென்றது. எஞ்சிய தறிகள் ஓடுவதும் ஓய்வதும், வாங்குவோர் அன்றாட உடைக்கு எதனைத் தெரிகின்றனர் என்பதையும் பொறுத்தவை.

ஆனால் உள்ளூர்த் துணி என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டும் என்பதன்று. துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், பாவும் ஊடையும் சீராக நெருங்கியுள்ளனவா என்பது தெரியும். ஈரமான வெள்ளைத் துணியால் ஓரத்தைத் தேய்த்தால், சாயம் நிலைத்ததா என்பது புலனாகும். பருத்தித் துணியைத் தைப்பதற்கு முன் நீரில் ஊறவைத்து உலர்த்திவிட்டால், பின்னர் சுருங்கி ஏமாற்றாது. ஒரு நூலிழையை உருவி எரித்துப் பார்ப்பதும் பழைய சோதனை. பருத்தி காகிதம் போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாகத் திரளும்.

இந்தக் கடைசிச் சோதனை அடுப்படியில் நிற்போருக்கு ஓர் எச்சரிக்கையுமாகும். பருத்தியும் தீப்பற்றக் கூடியதே. ஆனால் உருகும் துணி தோலோடு ஒட்டிப் புண்ணை ஆழமாக்கும். ஆதலின் சமைக்கும் வேளையில் நைலோன், பொலியெஸ்டர் உடைகளைத் தவிர்ப்பதோடு, அகன்ற கையையும் தொங்கும் முந்தானையையும் முக்காட்டின் நுனியையும் ஒதுக்கிச் செருகிக்கொள்ள வேண்டும்.

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்றனர் முன்னோர். தோளுக்கு அளவாகத் தைத்த மூன்று பருத்தி உடைகள், ஒன்று உடம்பில், ஒன்று கொடியில், ஒன்று பெட்டியில் என்றிருப்பின், ஒரு வீட்டின் அன்றாடத் தேவை நிறைவேறும். அடுத்த பெருநாளுக்குக் கடை ஏறும்போது அவற்றுள் ஒன்றையேனும் அதே கவனத்தோடு தெரிந்தெடுத்தல் நன்று.