வலுவா, உத்தியா?

மாலையிற் கொழுந்து நிறுவை முடிந்தபின், சப்பிரகமுவத் தோட்டங்களின் லயத்து முற்றங்களிலே பூப்பந்தாட்ட வாதம் சூடேறுவதுண்டு. (தமிழகத்தார் இதனை இறகுப்பந்து என்பர்; அவர்க்குப் பூப்பந்து வேறோர் ஆட்டம்.) 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் நம் நாட்டு நிலூக கருணாரத்ன, யப்பானிய வீரர் கெனிச்சி டாகோவை 21-18, 21-16 என வென்றார். அடுத்து இந்திய வீரர் பாருப்பள்ளி காஷ்யப்பிடம் 14-21, 21-15, 9-21 எனத் தோற்றார். "கடைசியில் அடியிலே வலுவில்லை" என்பர் பலர். "இல்லை அண்ணே, உத்தியை மாற்றியிருக்க வேண்டும்" என்பான் நகரத்து உள்ளரங்கில் ஆடிப் பழகிய மாணவன்.

யானும் உத்தியின் பக்கமே. 1980 இல் அகில இங்கிலாந்து இறுதியாட்டத்திலே பிரகாஷ் படுகோனே, பாய்ந்தடிப்பதில் வல்ல லியெம் சுவீ கிங்கை 15-3, 15-10 என வீழ்த்தினார். அது வலுவினாலன்று, ஆட்டத்தின் வேகத்தைத் தணித்து, பந்தை வலையோரம் மெல்ல இறக்கிப் பெற்ற வெற்றி.

ஆயினும் அப்பலரை நான் பழியேன். ஏறத்தாழ 5 கிராமே எடையுள்ள அப்பந்து, மலைச்சரிவின் வெட்டவெளிக் காற்றில் மெல்லத் தட்டினால் நினைத்த இடத்தில் வீழாது. ஓங்கி அடித்தாலே ஓரளவு நேராய்ச் செல்லும். அங்கு ஆடுபவன் வலுவை நம்பாது வேறெதனை நம்புவான்? கூரையுள்ள ஆடுகளம் ஒன்று தோட்டத்தருகே எழும்வரை, வலையோரத் தட்டு அவனுக்குத் திரையிற் காணும் காட்சியே.