படப்பெட்டி யார் கையில்?

கெடா மாநிலத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த பெரியவர்களிடம் அந்தக் காலத்துப் படங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், கதை நிற்காது. திடலில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டிய வெள்ளைத் துணி, லயத்திலிருந்து பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடியது, இடம் கிடைக்காமல் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து எழுத்தெல்லாம் இடம் வலமாக மாறித் தெரிந்தது... எல்லாம் நினைவில் இருக்கும். நடிகர் பெயர் இருக்கும், பாட்டு இருக்கும். அந்தப் படத்தைத் தோட்டம்வரை கொண்டுவந்தது யார் என்று கேட்டால் மட்டும், "கம்பெனி வேன் வரும்" என்பதோடு பதில் முடிந்துவிடும்.

அந்தக் 'கம்பெனி' யார்? பல நேரங்களில் அது ஒரு குடும்பம்.

படத்தை எடுப்பவர் தயாரிப்பாளர், காட்டுபவர் திரையரங்குக்காரர். இருவருக்கும் நடுவில் நிற்பவர் விநியோகஸ்தர். சுவரொட்டியில் அவர் பெயர் சின்ன எழுத்தில்தான் இருக்கும். ஆனால் எந்தப் படம், எந்த ஊருக்கு, எந்த வாரம் போக வேண்டும் என்று தீர்மானிப்பவர் அவர்தான். ஒரு வட்டாரத்துக்கான உரிமையை மொத்த விலைக்கு வாங்குவது ஒரு வகை. அதில் லாபமும் நட்டமும் அவருடையது. குறைந்தபட்ச உத்தரவாதத் தொகையை முதலில் கொடுத்துவிட்டு, அதற்கு மேல் வசூலானால் தயாரிப்பாளருடன் பங்கிடுவது இன்னொரு வகை. பணம் எதுவும் போடாமல், படத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குக் கமிஷன் மட்டும் எடுப்பவர்களும் உண்டு.

டிஜிட்டல் வருவதற்கு முன் இது முதுகெலும்பு ஒடியும் வேலை. 35 மில்லிமீட்டர் படச்சுருளில் ஒரு ரீல் என்பது ஆயிரம் அடி. அது சுமார் 11 நிமிடம் ஓடும். இரண்டரை மணி நேரப் படத்துக்குப் பதினான்கு ரீல் வேண்டும். அத்தனையும் தகரப் பெட்டிகளில் அடைத்து லாரியிலோ ரயிலிலோ ஏற்ற வேண்டும். அதற்குப் பெயர்தான் படப்பெட்டி. பிரதி எடுக்கச் செலவு அதிகம் என்பதால், பக்கத்துப் பக்கத்து ஊர் அரங்குகள் இரண்டு ஒரே பிரதியைப் பங்கு போட்டுக்கொள்வதும் உண்டு. இங்கே ஓடி முடிந்த ரீலை ஒருவர் மோட்டார் சைக்கிளில் தூக்கிக்கொண்டு அங்கே பறப்பார். வழியில் டயர் பஞ்சரானால், அந்த ஊரில் கதாநாயகன் பாதிச் சண்டையில் நிற்பான்!

பெட்டி முதலில் தலைநகருக்குப் போகும். பிறகு பெரிய பட்டணங்கள், பிறகு சின்னப் பட்டணங்கள், கடைசியில் தோட்டம். திடலுக்கு வந்து சேரும்போது பிரதியெல்லாம் கீறல் விழுந்து, வெயில் காட்சியிலும் மழை கொட்டும். வரிசையில் கடைசி ஆள் நம்மவர்கள்தான்.

வாசல் மூடியதால் பிறந்த வழி

மலாயாவில் இந்த நடுவிடத்தைப் பிடித்தவர்களில் முதன்மையானவர்கள் ஷா சகோதரர்கள். ஷங்காய் நகரத்து ஜவுளி, சாய வியாபாரி ஒருவரின் பிள்ளைகள். மூத்தவர் ரன்ஜே ஷா 1925இல் தியான்யி என்ற படக் கம்பெனியை அங்கே தொடங்கினார். அடுத்தவர் ரன்டே கணக்கு வழக்கைப் பார்த்தார். மூன்றாமவர் ரன்மி விநியோகத்தைக் கையில் எடுத்தார். கடைக்குட்டி ரன் ரன், எந்த வேலை கிடைத்தாலும் செய்தார்.

வியாபாரம் சூடுபிடித்ததும் எதிர்ப்பும் வந்தது. ஷங்காயின் போட்டிக் கம்பெனிகள் ஆறு கூட்டணி சேர்ந்து, தியான்யியின் படங்களை யாரும் எடுக்கக்கூடாது என்று நெருக்கின. அதற்கு முன்பே தென் கடலோரத்தில் சந்தை தேடிச் சிங்கப்பூருக்கு வந்திருந்த ரன்மிக்கு அங்கேயும் அதே கதைதான். படத் தொழிலைக் கையில் வைத்திருந்தவர்கள் வேறு வட்டாரத்துச் சீனர்கள், பேச்சுமொழியே வேறு. புதியவனின் படத்தை அவர்கள் சீந்தவில்லை.

வேறொருவராக இருந்தால் கப்பலேறித் திரும்பியிருப்பார். ரன்மி 1927இல் தஞ்சோங் பகாரில் ஒரு மரக்கட்டடத்தை வாடகைக்குப் பிடித்துத் தம் படங்களைத் தாமே காட்டினார். அதன் பெயர் 'எம்பயர்'. பேரரசு என்ற பெயர் அந்த மரக்கொட்டகைக்குக் கொஞ்சம் அதிகம்தான்! தம்பி ரன் ரன்னும் வந்து சேர, இருவரும் மலாயாவுக்குள் புகுந்தார்கள். அரங்கமே இல்லாத சிற்றூர்களுக்குப் படமெறியும் கருவியை எடுத்துச் சென்று திறந்தவெளியில் காட்டினார்கள். கூட்டம் சேரும் ஊர் எது என்று இப்படித் தெரிந்துகொண்டு, அங்கே நிரந்தர அரங்கம் எழுப்பினார்கள். ஈயமும் ரப்பரும் இருந்த இடத்தில் சம்பளம் இருந்தது. சம்பளம் இருந்த இடத்தில் டிக்கெட் விற்றது. 1939ஆம் ஆண்டுக்குள் அவர்கள் கையில் 139 அரங்குகள் இருந்ததாகக் கணக்கு.

குடும்பமாக இருந்ததன் பலம் இதில்தான் தெரிகிறது. படம் எடுப்பவர் ஷங்காயில், காட்டுபவர் சிங்கப்பூரில். நடுவில் பல நாள் கப்பல் பயணம். எந்த அரங்கில் எத்தனை டிக்கெட் விற்றது என்பதை ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவர் எப்படிச் சரிபார்ப்பார்? அந்தத் தொழிலில் கணக்கை மறைப்பது எளிது. அண்ணன் தம்பிக்குள் அந்தச் சந்தேகம் குறைவு. ஜப்பானியர் காலத்தில் தொழில் கைவிட்டுப் போனபோது, தங்கத்தையும் நகைகளையும் வீட்டுத் தோட்டத்தில் புதைத்து வைத்து, 1945க்குப் பிறகு தோண்டி எடுத்து மறுபடி தொடங்கியதாக ரன் ரன் ஷா பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

1947இல் சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் அவர்களின் மலாய் ஃபிலிம் புரொடக்‌ஷன்ஸ் வேலையைத் தொடங்கியது. அரங்குகள் கைவசம் இருக்கும்போது, அவற்றுக்குத் தீனி போடப் படம் வேண்டுமே! அங்கே இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தவர்களில் பலர் இந்தியர்கள். 1934இல் 'லைலா மஜ்னூன்' எடுத்த பி.எஸ். ராஜ்ஹன்ஸ்தான், 1948இல் கூலிமுக்குப் பக்கத்தில் இருக்கும் புக்கிட் மெர்தாஜாமில் பி. ரம்லியின் பாட்டைக் கேட்டு அவரைச் சிங்கப்பூருக்கு அழைத்தவர். மதராஸில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன் 1950இல் 'பக்தி' படத்தில் ரம்லியைக் கதாநாயகனாக்கினார். நம்மவர்கள் கேமராவுக்குப் பின்னால் இருந்தார்கள்; பெட்டி மட்டும் வேறொருவர் கையில்.

இன்னொரு பக்கம் லோக் வான் தோவும் அவருடைய தாயாரும் 1935இல் தொடங்கிய நிறுவனம் கேத்தே என்ற பெயரில் வளர்ந்தது. அதுவும் குடும்பம்தான். பல ஊர்களில், படத்துக்குத் திரை வேண்டுமென்றால் இந்த இரு வீடுகளில் ஒன்றின் வாசலுக்குப் போக வேண்டியிருந்தது. வாசல் மூடப்பட்டதால் வழி தேடிய சகோதரர்கள், சில பத்தாண்டுகளில் தாங்களே வாசல் ஆகிவிட்டார்கள். இதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. விநியோகத் தொழிலின் குணமே அதுதான்.

வரைபடத்தில் இல்லாத கெடா

கோடம்பாக்கத்தில் வெளிநாட்டு உரிமைக்கு 'எஃப்.எம்.எஸ்.' என்று ஒரு பெயர் உண்டு. மூன்று எழுத்தும் ஐக்கிய மலாய் மாநிலங்களைக் குறிக்கும் ஆங்கிலப் பெயரின் சுருக்கம். அந்த ஐக்கியம் 1946இல் கலைந்துபோன பிறகும் படத் தொழில் அந்தப் பெயரை விடவில்லை. தமிழ்ப் படத்துக்குக் கடல் கடந்த சந்தை என்றாலே மலாயா என்று இருந்த காலத்தின் அடையாளம் அது. வேடிக்கை என்னவென்றால், பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்குதான் அந்த ஐக்கியத்தில் இருந்தன. 1909இல் சயாமிடமிருந்து பிரிட்டிஷார் கைக்கு மாறிய கெடா அதில் கிடையாது. பீடோங்கிலும் பாடாங் செராயிலும் பால்மரம் சீவியவர்கள் கொடுத்த காசும் ஒப்பந்தத்தில் இல்லாத பெயரில்தான் போய்ச் சேர்ந்தது.

காசு கொடுத்தவர்களுக்கு உரிமை ஏன் வரவில்லை? தோட்டத் தொழிலாளிக்கு ஏது முதல் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். கெடாவிலேயே அதற்கு மறுப்பு இருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய பங்குப் பணத்தில் அந்தச் சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம். தோட்டத்தையே வாங்கத் துணிந்த சமூகம் ஒரு படப்பெட்டியை வாங்க நினைக்கவில்லை. அன்றைக்குக் கூரை போய்விடுமோ என்ற பயம் முன்னால் நின்றது. படம் பிறகு என்று தோன்றியதில் நியாயம் உண்டு. ஆனால் அந்தப் 'பிறகு' நீண்டுகொண்டே போனது.

ரன் ரன் ஷா 1957இல் ஹாங்காங்குக்குப் போனார். ஜாலான் அம்பாஸ் 1967இல் மூடப்பட்டது. 1963இல் வந்த தொலைக்காட்சியும், எண்பதுகளில் வந்த வீடியோ கேசட்டும் சின்னப் பட்டண அரங்குகளின் கூட்டத்தைக் கரைத்தன. பின்னாளில் லோட்டஸ் ஃபைவ் ஸ்டார் போன்ற மலேசிய இந்தியர் நிறுவனங்கள் தமிழ்ப் படங்களை இறக்கி, கோலாலம்பூர் கொலிசியம் உட்படப் பல அரங்குகளையும் நடத்தின. பெட்டி ஒருவழியாக நம்மவர் கைக்கு வந்தது. அதற்குள் இருந்தது பெரும்பாலும் கோடம்பாக்கத்துச் சரக்கு.

இப்போது தகரப் பெட்டி இல்லை. படம் ஹார்ட் டிஸ்க்கில் பூட்டிய கோப்பாக வரும். திறக்க ஒரு மின்சாவி தனியாக வரும். எந்த அரங்கின் எந்தக் கருவியில், எந்தத் தேதி வரை ஓடலாம் என்பது அந்தச் சாவியிலேயே எழுதப்பட்டிருக்கும். தேதி முடிந்தால் படம் தானே பூட்டிக்கொள்ளும். மோட்டார் சைக்கிள்காரருக்கு வேலை போனது; சாவி கொடுப்பவரின் அதிகாரம் போகவில்லை.

உள்ளூரில் தமிழ்ப் படம் எடுக்கும் இளைஞர்கள் இன்று தட்டுவது அந்தக் கதவைத்தான். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்துச் சிறுவனின் கதையைச் சஞ்சய் குமார் பெருமாள் 'ஜகாட்' என்று படமாக்கினார். 2015 டிசம்பரில், பெரிய நட்சத்திரம் யாரும் இல்லாமல், அது திரைக்கு வந்தது. 2016இல் மலேசியத் திரைப்பட விழா, மலாய் அல்லாத படங்களைத் தனிப் பிரிவில் ஒதுக்கப் பார்த்தது. மலாய்க் கலைஞர்கள் உட்படப் பலர் எதிர்த்ததும் அந்தப் பிரிவினை கைவிடப்பட்டது. சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருது 'ஜகாட்'டுக்குக் கிடைத்தது. அப்போது படம் வெளியாகி எட்டு மாதங்களுக்கு மேல் ஆகியிருந்தது.