மறைக்கப்படும் செயலித் திறன்களும் தரவுப் பாதுகாப்பும்

அரியலூர் மாவட்டம் ஆண்டிமடத்தில் சாதிச் சான்றுக்கோ பட்டா மாறுதலுக்கோ இ-சேவை மையத்தில் விண்ணப்பிப்பவரின் விவரங்களும், அவ்வட்டாரத்து முந்திரி வணிகர் வாடகைக் கிளவுட் சர்வரில் ஏற்றிவைக்கும் வரவுசெலவுக் கணக்கும் தொலைவிலுள்ள தரவு மையங்களுக்கே போய்ச் சேர்கின்றன. அத்தகைய மையங்களில் ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை இயக்குவது இன்று வழக்கமாகிவிட்டது. அவற்றைப் பிரித்து நடத்தும் மென்பொருள் ஹைப்பர்வைசர் எனப்படும்.

செயலிக்கு என்னென்ன திறன்கள் உண்டு என்பதை அறிய மெய்நிகர் கணினி ‘சிபியுஐடி’ என்னும் கட்டளையை இடும்போது, இன்டெல் செயலிகளில் அது தவறாமல் ஹைப்பர்வைசரின் கைக்குப் போகிறது. ஹைப்பர்வைசர் எதைக் காட்டுகிறதோ அதையே மெய்நிகர் கணினி நம்பியாக வேண்டும். பழைய சர்வர்களும் புதியவையும் கலந்துள்ள இடத்தில், ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் கணினியை நிறுத்தாமலே இடம் மாற்றுவதற்காக, எல்லாச் சர்வர்களுக்கும் பொதுவான திறன்களை மட்டும் காட்டி எஞ்சியவற்றை மறைப்பது நியாயமான ஏற்பாடே.

அந்த மறைப்பு பாதுகாப்புத் திறன்களையும் சேர்த்து விழுங்கும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. செயலியின் உள் இடைத்தாங்கிகளில் எஞ்சும் தரவு ஒரு மெய்நிகர் கணினியிலிருந்து மற்றொன்றுக்குக் கசியக்கூடும் என்பது 2019 மே மாதம் வெளியானபோது, அவற்றைத் துடைக்கும் ‘எம்டி-கிளியர்’ என்னும் திறனை செயலியின் உள்கட்டளைத் தொகுப்பான மைக்ரோகோடின் திருத்தம் வழியே இன்டெல் வழங்கியது. சர்வரில் அத்திருத்தம் ஏறியிருந்தாலும், பழைய செயலி மாதிரியைக் காட்டும் கேவிஎம் என்னும் ஹைப்பர்வைசர் அமைப்பில் இத்திறனைத் தனியே சேர்க்காவிட்டால் மெய்நிகர் கணினிக்கு அது தெரியாது. சேர்த்த பிறகும் கணினியை முழுவதுமாக நிறுத்தி மீண்டும் தொடங்க வேண்டும்; உள்ளிருந்தே செய்யும் ரீபூட் போதாது.

லினக்ஸ் பயன்படுத்துவோர் ‘எல்எஸ்சிபியு’ கட்டளை தரும் பட்டியலின் இறுதியில், இக்கசிவுக்கான வரியில், காப்பு இயங்குகிறதா என்பதைத் தாமே பார்க்கலாம்: ‘மிட்டிகேஷன்’ என்றிருந்தால் காப்பு இயங்குகிறது, ‘வல்னரபிள்’ என்ற சொல்லோடு ‘நோ மைக்ரோகோடு’ என்றும் வந்தால், துடைக்கும் முயற்சி நடந்தும் அதற்கு உறுதியில்லை என்பது பொருள். அந்த வரியைப் படியெடுத்து, காரணத்தைக் கிளவுட் நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேட்க வாடிக்கையாளர் தயங்க வேண்டியதில்லை.

சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த ஆணை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கடமைகள், 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகளின்படி படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. அதன்படி, தரவைத் திரட்டிய நிறுவனம் சர்வர் வேறொருவருடையது என்று சொல்லிப் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது, தக்க காப்பு இல்லாமற்போனால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கப்படலாம். பாதிக்கப்பட்டவர் முதலில் அந்நிறுவனத்திடமே முறையிட வேண்டும். அங்கே தீர்வு கிட்டாதபோது தரவுப் பாதுகாப்பு வாரியத்தை அணுகலாம்.