சேப்டியைத் தள்ளியதும் வெடித்த துப்பாக்கி! பழைய பூட்டு இறுகினால் என்ன ஆகும்?

பேங்க் வாசலில் காவலாளி தோளில் தொங்கும் இரட்டைக்குழல் துப்பாக்கியைப் பார்க்காதவர் கிடையாது. யாராவது பயந்தால், "சேப்டி போட்டிருக்கு சார்" என்று சொல்லிவிட்டால் போதும், வரிசையில் நிற்பவர்கள் நிம்மதியாகி விடுவார்கள்.

அந்த சேப்டியைத் தள்ளிய நொடியில் ரைபிள் வெடித்து, அமெரிக்காவில் 9 வயதுப் பையன் செத்துப்போனான். இதுபற்றிய விவரம் வருமாறு:-

மான்டானா மாநிலத்தைச் சேர்ந்த ஒரு குடும்பம் 2000-ம் ஆண்டு அக்டோபர் மாதம் வேட்டைக்குப் போனது. வேட்டை முடிந்து, ரைபிளில் இருந்த தோட்டாவை எடுக்கப் போனார் தாயார். அது ரெமிங்டன் கம்பெனியின் 700 மாடல் ரைபிள். அதில் பழைய தயாரிப்புகளில் சேப்டி போட்டால் போல்ட்டும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். தோட்டாவை வெளியே எடுக்க வேண்டுமானால் சேப்டியை விலக்கித்தான் ஆகவேண்டும்.

தாயார் சேப்டியைத் தள்ளினார். 'டமார்' என்று வெடித்தது. குதிரை ஏற்றும் வண்டியைத் துளைத்துக்கொண்டு போன குண்டு, அதற்கு அந்தப்பக்கம் நின்ற மகன் மீது பாய்ந்தது. "விசையில் நான் விரலே வைக்கவில்லை" என்றார் தாயார்.

சின்னத் தகடு

விசையைத் தொடாமல் எப்படி வெடிக்கும்?

இந்த ரைபிளில் விசைக்கும், சுத்தியலைத் தாங்கும் கொக்கிக்கும் நடுவே ஒரு சின்னத் தகடு உண்டு. அது விசையோடு ஒட்டவைக்கப்பட்டது அல்ல. ஒவ்வொரு முறை சுடும்போதும் விலகிப்போய், ஸ்பிரிங் வேகத்தில் திரும்ப வந்து உட்காரும். உள்ளே தூசி, துரு, காய்ந்துபோன எண்ணெய்ப்பிசின் இருந்தால் முழுசாக வந்து உட்காராது. அப்போது கொக்கியைத் தாங்கிப் பிடித்திருப்பது சேப்டி மட்டும்தான். அதைத் தள்ளினால் தாங்க ஆள் இல்லை. கொக்கி இறங்கும், குண்டு பாயும்.

வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. இதுதான் பயங்கரம்.

3 அணா!

இதை அமைத்த என்ஜினீயர் மைக் வாக்கர். ரைபிள் கடைக்கு வருமுன்பே, 1940-களிலேயே, சேப்டியில் ஆபத்து இருக்கக்கூடும் என்று கம்பெனிக்குள் எழுதி வைத்தவரும் அவரேதான்! 1948-ல் அவர் மாற்று யோசனையும் கொடுத்தார். துப்பாக்கி ஒன்றுக்கு ஆகும் கூடுதல் செலவு ஐந்தரை சென்ட். அன்றைய நம்ம ஊர்க் கணக்கில் சுமார் 3 அணா. கம்பெனி அதைச் செய்யவில்லை.

வழக்குகள் குவிந்தன. டெக்சாசில் கால் போன ஒருவருக்கு 1994-ல் 1 கோடியே 70 லட்சம் டாலர் கொடுக்கும்படி ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள். "ரைபிளில் கோளாறு இல்லை. சரியாகப் பராமரிக்காததும், கையாளத் தெரியாததும்தான் காரணம்" என்பது கம்பெனியின் வாதம்.

அப்படிச் சொன்ன கம்பெனி, 1982-ல் போல்ட் பூட்டும் அமைப்பை மட்டும் எடுத்துவிட்டது. சேப்டி போட்டபடியே தோட்டாவை எடுக்க வழி பிறந்தது. 2006-ல் விசை அமைப்பையே மாற்றியது. அதிலும் சனி விடவில்லை! சில ரைபிள்களில் பசையை அளவுக்கு மேல் தடவியிருந்ததால், தானே வெடிக்கலாம் என்று 2014 ஏப்ரலில் திரும்ப வாங்கினார்கள். பழைய ரைபிள்களுக்கு இலவசமாக விசை மாற்றித் தரும் சமரசத்தை 2017-ல் கோர்ட்டு ஏற்றது. சுமார் 75 லட்சம் துப்பாக்கிகள் சம்பந்தப்பட்ட விவகாரம் இது. மாற்றிக்கொள்ள முன்வந்தவர்களோ கொஞ்சம் பேர்தான்.

நம்ம ஊரில்...

இங்கே பேங்க் வாசல்களில் பார்ப்பது பெரும்பாலும் 12 போர் இரட்டைக்குழல். அதன் அமைப்பே வேறு. குழலை மடக்கும் நெம்புகோலுக்குப் பின்னால், கட்டைவிரல் படும் இடத்தில் சேப்டி இருக்கும். அது பொதுவாக விசையை மட்டும்தான் தடுக்கும். உள்ளே இருக்கும் சுத்தியலைப் பிடிக்காது. தேய்ந்துபோன துப்பாக்கி கீழே விழுந்து குலுங்கினால், சேப்டி போட்டிருந்தும் வெடிக்க வாய்ப்பு உண்டு.

ஒரு நல்ல விஷயம்: சேப்டி எந்தப் பக்கம் இறுகி நின்றாலும் இதில் குழலை மடக்கித் தோட்டாவை எடுத்துவிடலாம்.

போலீசில் நெடுங்காலம் இருந்த .303 ரைபிளில் அப்படி இல்லை. சேப்டியை விலக்கினால்தான் போல்ட் திறக்கும். ஆனால் அதன் சேப்டி, சுத்தியல் பாகத்தையே நேராகக் கவ்விப் பிடிப்பது.

இறுகிவிட்டால்...

சேப்டி நகரவில்லை என்றதும் ஸ்குரூ டிரைவரால் நெம்புவது, கட்டையால் தட்டுவது, எண்ணெயைக் கொட்டுவது என்று ஆளுக்கு ஒரு கைவைத்தியம். தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் உறைந்து, தூசியையும் சேர்த்துக்கொண்டு இன்னும் இறுக்கிவிடும்.

முதலில் செய்யவேண்டியது, குழலை ஆள் இல்லாத பக்கமாகத் திருப்புவது. மண் தரையோ மணல் மூட்டையோ நல்லது. சிமெண்டுத் தரையில் குண்டு தெறித்துத் திரும்பும். விரல் விசைப்பக்கமே போகக்கூடாது. தோட்டாவை எடுக்க முடிந்தால் எடுத்து, அறை காலியா என்று கண்ணால் பார்க்கவேண்டும். எடுக்க முடியாவிட்டால் நோண்டாமல், "தோட்டா உள்ளே இருக்கு" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லி, லைசென்சு உள்ள ரிப்பேர்க்காரரை அந்த இடத்துக்கே வரவழைப்பது உத்தமம். தோட்டாவோடு பஸ்சிலும் ஆட்டோவிலும் தூக்கிக்கொண்டு போகிற வேலை வேண்டாம்.

தெரிந்த லேத் பட்டறையில் கொடுத்துச் சரிபண்ணிக்கொள்ளலாம் என்றும் நினைக்கக்கூடாது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியை வைத்திருக்க மட்டும் அல்ல, தொழிலாக ரிப்பேர் செய்யவும் லைசென்சு வேண்டும். கொடுக்கிறவர், துப்பாக்கியோடு தன் லைசென்சு புத்தகத்தையும் எடுத்துப்போகவேண்டும்.