நான்கு மணித்தியாலம்

சென்ற றமழானில் ஒருநாள் அஸர் பாங்கு சொல்லும் நேரம், சாச்சியின் மூன்று வயது மகன் காய்ச்சலுக்கு வாங்கி வைத்திருந்த பரசிட்டமோல் பாணிப் போத்தலைத் திறந்து குடித்துவிட்டான். வைத்தியசாலைக்குக் கொண்டுபோனால் அவன் வார்டில் ஓடி விளையாடுகிறான். "பிள்ளைக்கு ஒன்றுமில்லையே, வீட்டுக்குப் போவோம்" என்றார் உம்மம்மா. டொக்டர் விடவில்லை. எத்தனை மணிக்குக் குடித்தான் என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டார். நான்கு மணித்தியாலம் கழித்துத்தான் இரத்தம் எடுக்கலாம் என்றார். நஞ்சு என்று சொல்லிவிட்டு ஏன் காத்திருக்கச் சொல்கிறார் என்று எனக்குக் கோபமாக வந்தது. ஈத்தம்பழமும் தண்ணீருமாக வார்டு வாசலிலேயே நோன்பு திறந்தோம்.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் நான் பிறகு தேடி வாசித்தபோதுதான் காரணம் விளங்கியது. பரசிட்டமோலில் பெரும்பகுதியை ஈரல் தீங்கற்றதாக மாற்றிவிடும். சிறு பகுதி மட்டும் நச்சுப் பொருளாகும். அதையும் குளூட்டாதயோன் என்ற பொருள் பிடித்து அடக்கிவிடும். அளவு மிஞ்சினால் குளூட்டாதயோன் தீர்ந்துபோய், ஈரல் கலங்கள் இறக்கத் தொடங்கும். ஆனால் முதல் நாளில் வாந்தியைத் தவிர வேறொன்றும் தெரியாமல் இருக்கலாம். சிலருக்கு அதுவும் இல்லை. மூன்றாம், நான்காம் நாளில்தான் நிலைமை மோசமாகும். ஓடி விளையாடும் பிள்ளையைப் பார்த்து எதையும் தீர்மானிக்க முடியாது.

அதனால்தான் இரத்தப் பரிசோதனை. மருந்து குடலிலிருந்து இரத்தத்தில் சேர்ந்து முடியுமுன் அளந்தால், ஏறிக்கொண்டிருக்கும் அளவு நம்மை ஏமாற்றிவிடும். ருமாக், மத்தியூ என்ற இருவர் 1975இல் ஒரு வரைபை வெளியிட்டார்கள். இன்று பல நாடுகளில் பாவிக்கும் கோட்டின்படி நான்காம் மணியில் லீற்றருக்கு 150 மில்லிகிராம், எட்டாம் மணியில் 75. நான்கு மணிக்கு ஒருமுறை பாதியாகிறது. இரசாயனவியலில் செய்து அலுத்துப்போன அரைவாழ்வுக் கணக்கேதான்! பிரித்தானியா 2012இல் தன் கோட்டை 100இற்கு இறக்கிவிட்டது. புள்ளி கோட்டுக்கு மேலே விழுந்தால் அசிட்டைல்சிஸ்டீன் ஏற்றுவார்கள். அது குளூட்டாதயோனை மீண்டும் உண்டாக்க உதவும். எட்டு மணித்தியாலத்துக்குள் தொடங்கினால் ஈரலைப் பெரும்பாலும் காப்பாற்றலாம். நான்கு மணி காத்திருப்பதால் நஷ்டம் வராதது இதனால்தான்.

நேரம் தெரியாவிட்டால் இந்த வரைபு உதவாது. டெங்குக் காய்ச்சலில் நாட்கணக்காகக் குளிசைகளை அள்ளிப் போட்டவர்களுக்கும் பொருந்தாது. அவர்களுக்கு ஈரல் பரிசோதனைகளையும் பார்க்க வேண்டும். அதில் ஒன்று என்னை வியக்க வைத்தது. கலங்கள் சிதையும்போது ஏஎல்டி என்ற நொதியம் இரத்தத்தில் கூடும். அது குறைந்தால் சுகம் என்றுதான் நான் நினைத்தேன். சிதைவதற்குக் கலங்களே மிஞ்சாதபோதும் அது குறையுமாம். ஆகவே இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆரையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். உறைதலுக்கான புரதங்களை ஈரல்தானே செய்கிறது.

அந்த வைத்தியசாலையில் இந்தப் பரிசோதனை இல்லை. வாப்பா இரத்தக் குழாயை எடுத்துக்கொண்டு வெளி ஆய்வுகூடத்துக்கு ஓடினார். முடிவு வந்ததும் டொக்டர் வரைபில் பேனையால் ஒரு புள்ளி வைத்தார். கோட்டுக்கு நன்றாகக் கீழே. அல்ஹம்துலில்லாஹ் என்று சாச்சி அழுதுவிட்டார். தம்பி அதற்குள் உம்மம்மாவின் மடியில் தூங்கியிருந்தான்.