நல்ல தண்ணியும் உப்புத் தண்ணியும்

புளியரை எஸ் வளைவில் உப்பு லாரி நின்றால் முதலில் குதிப்பது கிளீனர்தான். ஒரு கையில் கட்டை, மறு கையில் சாக்கு. கட்டை பின் சக்கரத்துக்கு, சாக்கு ரேடியேட்டர் மூடிக்கு. எழுபதுகளின் கடைசியில், கோடை விடுமுறை வந்தால் தூத்துக்குடியிலிருந்து செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகும் உப்பு லோடில் மாமாவோடு நானும் தொற்றிக்கொள்வேன். எஞ்சின் மூடியின் மேல் சாக்கை நாலாக மடித்துப் போட்டு எனக்கு இடம். ஆலங்குளம் தாண்டுவதற்குள் தொடை வெந்துவிடும்.

அந்த வண்டியில் ஹீட் மீட்டர் முள் எப்போதோ செத்துப்போயிருந்தது. மாமாவுக்கு அது தேவைப்படவும் இல்லை. ரப்பர் ஹோஸ் சூடேறும் வாடையும் துருத் தண்ணீர் காயும் வாடையும் கலந்து ஒன்று வரும். அது மூக்கில் ஏறியதுமே வண்டியை ஓரங்கட்டிவிடுவார். “ஏல, மூடியத் தொடாத! அது மூடியில்ல, வெடி” என்பார். ஒன்றரை பீடி இழுக்கும் நேரம் எல்லோரும் காத்திருப்போம். பிறகு நனைத்த சாக்கை மூடிமேல் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கால் சுற்று மட்டும் திருப்புவார். ஸ்ஸ்ஸென்று ஆவி சாக்கின் ஓரமெல்லாம் கிளம்பும். அது அடங்கினால்தான் அடுத்த கால் சுற்று.

அவர் அதை வெடி என்றது மிகையில்லை. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்பது திறந்த பாத்திரத்துக்கான கணக்கு. ரேடியேட்டர் மூடிக்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. அது தண்ணீரை அழுத்தத்திலேயே வைத்திருக்கும். காற்றழுத்தத்துக்கு மேல் இன்னொரு மடங்கு ஏறினால் கொதிநிலை 120 டிகிரிக்குப் பக்கத்தில் போய்விடும். 110 டிகிரியில் கொதிக்காமல் சும்மா கிடக்கும் தண்ணீர், மூடி திறந்த நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். அப்படி வெந்து தோல் வெளுத்த முன்கைகளை அந்தக் கால டிரைவர்கள் பலரிடம் பார்க்கலாம்.

மூடியைத் திறந்ததும் குளிர்ந்த தண்ணீரை மடமடவென்று கொட்டவும் மாட்டார் மாமா. எஞ்சினை ஓடவிட்டு, செம்பு செம்பாக ஊற்றுவார். பழுக்கக் காய்ந்த சிலிண்டர் ஹெட்டில் சட்டென்று குளிர்ச்சி பட்டால் விரிசல் விழும். விரிசல் இல்லாவிட்டால் ஹெட் வளையும், கேஸ்கட் போகும். அப்புறம் தண்ணீரும் ஆயிலும் கலந்து, டிப் ஸ்டிக்கை உருவினால் மோர்க்குழம்பு போல வரும்.

ஊற்றும் தண்ணீர் எது என்பதுதான் எங்கள் ஊரின் தனிப்பாடு. மூன்று பக்கம் உப்பளம், நாலாவது பக்கம் கடல். ஊருக்குள் பல கிணறுகளில் வாளி விட்டால் வருவது உவர்த் தண்ணீர்தான். அதை எஞ்சினுக்குள் விட்டால் கொதிகெண்டியின் அடியில் படிவதுபோல லைனரைச் சுற்றிச் சுண்ணாம்பு படியும். படிவு ஏற ஏறச் சூடு உள்ளேயே தங்கும். அதனால் வல்லநாட்டுப் பாலத்தில் நிறுத்தி, தாமிரபரணியில் இரண்டு டின் பிடிக்காமல் மாமா மேற்கே போனதில்லை. தூத்துக்குடி குடிக்கும் தண்ணீரும் அதே வல்லநாட்டிலிருந்து குழாயில் வருவதுதான். “மனுசன் குடிக்காத தண்ணிய வண்டிக்கும் குடுக்கக் கூடாதுல” என்பது அவருடைய கட்சி.

அப்படியும் ரேடியேட்டர் அடைக்கும். அப்போதெல்லாம் செம்பு, பித்தளை ரேடியேட்டர். கடைக்காரர் மேல் தொட்டியைச் சூடுகாட்டிக் கழற்றுவார். ஒவ்வொரு குழாயிலும் தட்டைக் கம்பி விட்டுக் குத்துவார். பழுப்புப் பொடி கொட்டும். ஒழுகுகிற இடத்தில் ஈயம் வைத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காற்றடித்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார். ஒரு ரேடியேட்டர் இப்படிப் பத்துப் பிறவி எடுக்கும். இன்றைய ரேடியேட்டருக்கு அலுமினியக் குழாய், பிளாஸ்டிக் தொட்டி. எடை குறைவு, சூடும் நன்றாக இறங்குகிறது. விரிசல் விட்டால் பழைய இரும்புக்குப் போக வேண்டியதுதான்.

மாமா தலைமுறை செய்த ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். வண்டி இரண்டு தடவை சூடானால் மெக்கானிக் முதலில் பிடுங்கி எறிவது தெர்மோஸ்டாட் வால்வைத்தான். “நம்ம வெயிலுக்கு இது எதுக்குண்ணே?” அந்த வால்வு ஏறக்குறைய 80 டிகிரி வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாது. பிறகு மெல்லத் திறக்கும். அதைக் குளிர்நாட்டு அலங்காரம் என்று நினைத்தார்கள். ஆனால் எஞ்சினுக்கு 80 முதல் 95 டிகிரி வரையிலான சூடு வேண்டும். அதற்குக் கீழே ஓடினால் டீசல் சரியாக எரியாது, கரி படியும், ஆயில் கெட்டியாகவே இருக்கும், லைனர் தேயும். வால்வு இல்லாமல் ஓடிய அத்தனை வண்டிகளும் சமவெளியில் சூடு போதாமலேயே ஓடி, டீசலைக் கூடுதலாகக் குடித்தன. புகை கறுப்பாக வந்தால் வண்டிக்கு இழுவை அதிகம் என்று பெருமை வேறு.

இப்போது மாமா ஓட்டுவதில்லை. பக்கத்து வீட்டுப் பையன் பி.எஸ். 6 டிரெய்லர் ஓட்டுகிறான். 2020 ஏப்ரலில் கட்டாயமான புகை விதிக்கு ஏற்ற வகை. ஒருநாள் அவன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்த மாமா, “தண்ணி எங்கல ஊத்துவ?” என்றார்.

“ஊத்தக் கூடாது தாத்தா. வாரண்டி போயிரும்.”

உள்ளே ஓடுவது நிறம் போட்ட கூலண்ட். சுத்திகரித்த தண்ணீரில் கிளைக்கால் கலந்தது. பாதிக்குப் பாதி கலந்தால் கொதிநிலை ஏழெட்டு டிகிரி ஏறும், உறைநிலை கீழே போகும். தூத்துக்குடியில் எங்கே பனி பெய்கிறது என்று மாமா கேட்டது நியாயமான கேள்வி. நமக்கு வேண்டியது அதிலிருக்கும் துருத்தடுப்பு மருந்துதான். அதுவும் சில வருடங்களில் தீர்ந்துபோகும். குறைந்தால் குழாய்த் தண்ணீரை விட்டு நிரப்புகிற பழக்கம் இன்னும் போகவில்லை. அப்படிச் செய்தால் பழைய சுண்ணாம்பு புது அலுமினியத்தில் படியும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஃபேன்கூட மாறிவிட்டது. அன்று பெல்ட்டில் மாட்டி எந்நேரமும் சுற்றும். இன்று ரேடியேட்டர் தாண்டி வரும் காற்று சூடானால்தான் முழு வேகம் பிடிக்கும். ஏற்றத்தில் திடீரென்று விமானம் போல ஒரு இரைச்சல் கேட்டால் அதுதான். அதையும் மீறிச் சூடேறினால் சிவப்பு விளக்கு எரியும். வண்டி தானாகவே இழுவையைக் குறைத்துக்கொள்ளும். மூக்கு செய்த வேலையைச் சென்சார் செய்கிறது, மூக்கைவிட நன்றாகவே செய்கிறது. மெத்தக் கற்ற மூக்கும் ஜலதோஷத்தில் ஏமாந்ததுண்டு.

சூடாகிற இடம்தான் மாறிப்போனது. அன்று மலை ஏற்றம்; இன்று துறைமுக வரிசை. 1974இல் பெருந்துறைமுகமானதிலிருந்து இங்கே சரக்கும் வண்டியும் கூடிக்கொண்டே வருகின்றன. மதிய வெயிலில் டிரெய்லர் பத்தடி நகரும், நிற்கும். எதிர்க்காற்று கிடையாது, ஏ.சி. ஓடும். ஏ.சி.யின் கண்டென்ஸரோ ரேடியேட்டருக்கு முன்னால் உட்கார்ந்து சூட்டை அதன் முகத்திலேயே துப்பும். போதாததற்கு உப்புக் காற்றும் நிலக்கரித் தூசியும் கலந்து தகட்டிடுக்குகளில் பசைபோல அப்பும். உள்ளே கூலண்ட் எவ்வளவு உயர்ந்த சரக்கானாலும், வெளியே நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவாத ரேடியேட்டர் இந்த ஊரில் தாங்காது.

கடலில் கதை வேறு. அங்கே குளிர்ந்த தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிய எங்கள் தோணிகள் நெடுங்காலம் பாயில் ஓடியவை. தோணியை நடத்தும் தண்டலுக்குக் கவலை காற்றைப் பற்றித்தான். எஞ்சின் ஏறிய பிறகு, கடல் தண்ணீரை நேரே உள்ளே விட்டால் என்ன ஆகும் என்று படகுக்காரர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். கடல்நீர் 60 டிகிரியை நெருங்கினாலே அதிலுள்ள உப்புகள் பாறைபோல ஒட்டத் தொடங்கும். ஆகவே நேரே கடல்நீர் குடிக்கும் எஞ்சினை அதற்குக் கீழேயே ஓட்ட வேண்டும், தேவையான சூட்டை அது எட்டாது. விசைப்படகில் இதற்கு வழி இரண்டு தண்ணீர். எஞ்சினைச் சுற்றி நல்ல தண்ணீர் சுழலும். அதன் சூட்டைக் கடல்நீர் வாங்கிக்கொண்டு வெளியே போகும். நடுவில் உலோகச் சுவர், இரண்டும் கலக்காது. 1979இல் ஓடத் தொடங்கிய தூத்துக்குடி அனல்மின் நிலையத்திலும் பிரம்மாண்டமான அளவில் இதுதான்: கொதிகலனுக்குச் சுத்தத் தண்ணீர், ஆவியைக் குளிரவைக்கக் கடல்.

படகில் எஞ்சினைச் சூடாக்குவது வெயிலல்ல. கடல்நீர் உறிஞ்சும் வாயில் ஒரு பாலித்தீன் பையோ ஒரு சொறிமீனோ ஒட்டிக்கொண்டால் போதும். பம்புக்குள் இருக்கும் ரப்பர் இம்பெல்லர் தண்ணீரில்லாமல் கொஞ்ச நேரம் சுற்றினாலே பிய்ந்துவிடும். திரேஸ்புரத்து வள்ளங்களில் வெளிப்பொருத்து எஞ்சினின் பின்னால் நூல்போலத் தண்ணீர் பீய்ச்சும். பேசிக்கொண்டே இருப்பார்கள், கண் அந்த நூலிலேயே இருக்கும்.

சூடு படகோடு நிற்பதில்லை, கடலுக்கடியில் இருக்கும் குளியாளையும் தொடும். முத்துக்குளிப்பு இந்தக் கரையில் 1961க்குப் பிறகு நடக்கவில்லை. அன்றைக்குக் குளியாளுக்கு இருந்தது ஒரு கல், ஒரு கயிறு, ஒரு மூச்சு. இன்று சங்கு குளிக்கப் போகிறவர்களில் சிலர் படகிலிருக்கும் கம்ப்ரசரின் காற்றுக் குழாயை வாயில் கவ்விக்கொண்டு இறங்குகிறார்கள். அதை ஓட்டுவதும் ஒரு எஞ்சின்தான். கம்ப்ரசர் அளவுக்கு மீறிச் சூடானால் உள்ளே ஆயில் கருகும். வாடையும் விஷவாயுவும் குழாய் வழியே கீழே போகும். எஞ்சின் புகை கம்ப்ரசர் காற்றிழுக்கும் வாயில் புகுந்தாலும் அதே ஆபத்து. பத்துப் பாகம் ஆழத்தில் இருப்பவனால் ஓரங்கட்டி நிற்க முடியாது, ஒன்றரை பீடி காத்திருக்கவும் முடியாது.

கயிற்றின் மறுமுனையைப் பிடித்து இழுப்புக்காகக் காத்திருந்த ஆள் அன்றும் மேலே உட்கார்ந்திருந்தான். இன்றும் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். நனைத்த சாக்கைக் கம்ப்ரசர்மேல் போட்டுவிட்டு, ஹோஸை அடிக்கடி உள்ளங்கையால் தொட்டுப் பார்க்கிறான்.